அனுப்பிய கடிதம் எங்கே நிற்கிறது? இணைய நெறிமுறைகள் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைபேசியிலோ கணினியிலோ மின்னஞ்சல் செயலியை அமைக்கும்போது எஸ்எம்டிபி, ஐமேப், பாப் 3 என்று திரையில் தோன்றும் எழுத்துக் கூட்டங்களுக்கு என்ன பொருள் என்று பலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றோடு தொடர்புடைய வேறு கேள்விகளையும் சேர்த்து இம்முறை விடையளிக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: நெறிமுறை என்று எதைச் சொல்கிறீர்கள்? இணையம் ஒன்றுதானே, அதற்கு ஏன் இத்தனை நெறிமுறைகள்?

பதில்: இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும்போது யார் முதலில் பேசுவது, எந்த வரிசையில் பேசுவது, ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன மறுமொழி சொல்வது, மறுமொழி வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, பேச்சு முடிந்ததை எப்படித் தெரிவிப்பது ஆகியவற்றையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த உடன்பாடுதான் நெறிமுறை. அது மென்பொருள் அன்று. மென்பொருள் எழுதுவோர் அனைவரும் கட்டுப்படும் எழுத்து. ஒருவர் எழுதிய செயலியிலிருந்து புறப்படும் கடிதத்தை, அவரை அறியவே அறியாத இன்னொருவர் எழுதிய சர்வர் தடங்கலின்றிப் பெற்றுக்கொள்வது இந்த எழுத்தினால்தான். இத்தகைய உடன்பாடுகளில் பெரும்பாலானவை ஆர்எஃப்சி என்னும் ஆவண வரிசையில், எவரும் கட்டணமின்றிப் படிக்கும் வகையில், 1969 முதல் வெளியாகி வருகின்றன. இணையம் ஒரு நிறுவனத்தின் உடைமையாகிவிடாமல் இருப்பதற்கு இந்தத் திறந்த மனமே முதற்காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நெறிமுறைகள் பலவாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் ஒரு பொறுப்பை மட்டுமே ஏற்றுக்கொள்வதுதான். அடியில் இருப்பது ஐபி. நீங்கள் அனுப்பும் எதுவானாலும் அது சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. வழக்கமான ஈதர்நெட் இணைப்பில் ஒரு பொட்டலம் 1500 பைட்டுகளுக்கு மேற்படுவதில்லை. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் அனுப்புநர் எண்ணும் பெறுநர் எண்ணும் இருக்கும். வழியிலுள்ள ரவுட்டர்கள் பெறுநர் எண்ணைப் பார்த்து அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிடுகின்றன. அத்துடன் ஐபியின் கடமை முடிந்தது. பொட்டலம் தொலையலாம், இருமுறை வரலாம், பின்னால் புறப்பட்டது முன்னால் வரலாம்; இவற்றுக்கெல்லாம் ஐபி பொறுப்பேற்பதில்லை.

அந்தக் குறையை நிரப்புவது அதன்மேல் அமர்ந்திருக்கும் டிசிபி. அது அனுப்பும் பைட்டுகளுக்கு வரிசை எண் இடுகிறது. மறுமுனை 'இதுவரை வந்து சேர்ந்தது' என்று சொல்லும்வரை படியை வைத்திருக்கிறது. சொல்லாவிட்டால் மீண்டும் அனுப்புகிறது. வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த இரு வேலைகளும் ஒரே நெறிமுறைக்குள் இருந்தன. பின்னர் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று பழைய நெறிமுறையைக் கைவிட்டு டிசிபி-ஐபி இணைக்கு மாறியது. இணையம் பிறந்த நாள் என்று பலரும் குறிப்பிடுவது அந்த நாளைத்தான். இனி வரும் ஒவ்வொரு விடையிலும், 'இந்த நெறிமுறை எதற்குப் பொறுப்பேற்கிறது, எங்கே பொறுப்பை விட்டுவிடுகிறது' என்ற ஒரே அளவுகோலைத்தான் நான் பயன்படுத்தப் போகிறேன்.

கேள்வி: காணொளிப் பேச்சில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. அதே இணைப்பில் இறங்கும் கோப்பில் ஓர் எழுத்துகூடப் பிசகுவதில்லை. இது எப்படி?

பதில்: கோப்பு பொதுவாக டிசிபி வழியாக வருகிறது; தொலைந்த பொட்டலத்தை அது திரும்பக் கேட்டு வாங்கிவிடும். பேச்சுக்கு அந்த அளவுக்குப் பொறுமை கிடையாது. அரை நொடிக்கு முன் சொல்லப்பட்ட ஓர் அசை இப்போது வந்து சேர்ந்தால் அதனால் பயனில்லை. அதற்காகக் காத்திருந்தால் பின்னால் வரும் பேச்சு முழுவதும் தாமதமாகும். ஆகவே குரலும் காணொளியும் பெரும்பாலும் யுடிபி என்ற நெறிமுறையில் செல்கின்றன. ஜான் போஸ்டல் 1980-இல் எழுதிய அதன் வரையறை மூன்றே பக்கம். அதன் தலைப்பு வெறும் 8 பைட்டு. அது வரிசையைக் காக்காது, தொலைந்ததைத் தேடாது. தொலைந்த துளியை விட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வதே அங்கு நல்ல தேர்வு.

கேள்வி: உலாவியில் தளத்தின் பெயரைத்தான் தருகிறேன். ஐபிக்கு எண்தான் வேண்டும் என்கிறீர்கள். பெயரை எண்ணாக மாற்றுவது யார்? சில நேரம் எந்தத் தளமும் திறக்காதபோதும் 'இணைப்பு இருக்கிறது' என்று கணினி சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. மாற்றித் தருவது டிஎன்எஸ். தொடக்கக் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. அதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் பராமரிக்க, மற்றவர்கள் அவ்வப்போது படியெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்தக் கோப்பைத் திருத்தி மாளவில்லை. பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வகுத்த டிஎன்எஸ், அந்தப் பொறுப்பைப் படிநிலைகளாகப் பங்கிட்டது. பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வேர்ச் சர்வரிடம் கேட்டால் அது விடையைத் தராது, 'காம்' என்று முடியும் பெயர்களுக்குப் பொறுப்பானவரைக் காட்டும். அவர் அந்தத் தளத்துக்குப் பொறுப்பான சர்வரைக் காட்டுவார். அந்தச் சர்வர்தான் எண்ணைத் தரும். வேர்ச் சர்வர்களுக்கு 13 பெயர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் உலகின் பல இடங்களில் நிறுவப்பட்ட பல இயந்திரங்கள் உள்ளன.

இத்தனை பேரையும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தால் உலாவி நகராது. அதனால் விடையோடு 'இதை இத்தனை நொடிக்கு வைத்துக்கொள்ளலாம்' என்ற காலவரம்பும் சேர்ந்து வருகிறது. அதுவரை உங்கள் சேவை வழங்குநரின் சர்வர் பழைய விடையையே தரும். ஒரு தளம் புதிய எண்ணுக்கு இடம்பெயரும்போது சிலருக்குப் புதியதும் சிலருக்குப் பழையதும் தெரிவது இதனால்தான்.

நீங்கள் சொன்ன நிலையில் கம்பியும் ரவுட்டரும் ஐபியும் நலமாக இருக்க, பெயரை எண்ணாக மாற்றும் சர்வர் மட்டும் பதில் சொல்லாமல் இருக்கலாம். சோதிக்க எளிய வழி, பெயருக்குப் பதிலாக உங்களுக்குத் தெரிந்த ஓர் ஐபி எண்ணுக்கு, மறுமுனை மறுமொழி தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பது. எண்ணிலிருந்து மறுமொழி வந்து, பெயருக்கு வராவிட்டால், பழுது டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. வலையமைப்பு அமைப்பில் வேறொரு டிஎன்எஸ் சர்வரின் எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: முகவரியில் எச்டிடிபி என்பதற்குப் பதிலாக எச்டிடிபிஎஸ் என்றும், பக்கத்தில் பூட்டுச் சின்னமும் இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியொரு தளத்தில்தான் என் உறவினர் பணத்தை இழந்தார். பூட்டு பொய் சொல்லுமா?

பதில்: பூட்டு பொய் சொல்லவில்லை, அது சொல்லாத ஒன்றை அது சொன்னதாக நமக்குக் கற்றுத்தந்தவர்கள்தான் பிழை செய்தார்கள். உங்கள் உறவினருக்கு நேர்ந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனெனில் அந்தத் தவறான பாடம் இன்னும் பரப்பப்பட்டு வருகிறது.

எச்டிடிபி என்பது பக்கத்தைக் கேட்டுப் பெறும் முறை. டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய அதன் முதல் வடிவத்தில் ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது: 'இந்தப் பக்கத்தைத் தா'. இன்றும் அடிப்படை அதுதான். உலாவி கேட்கிறது, சர்வர் ஓர் எண்ணோடு மறுமொழி தருகிறது. 200 என்றால் கிடைத்தது, 404 என்றால் அப்படியொரு பக்கம் இல்லை, 500 என்றால் சர்வருக்குள் கோளாறு. ஆனால் இந்தப் பேச்சு முழுவதும் திறந்த எழுத்தில் நடக்கிறது. பொது இடத்து வைஃபை இணைப்பில் உங்களோடு இணைந்திருப்பவரும், வழியிலுள்ள எந்த ரவுட்டரை இயக்குபவரும் அதைப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம்.

எச்டிடிபிஎஸ் வேறொரு மொழியன்று. அதே எச்டிடிபி, டிஎல்எஸ் என்ற உறைக்குள் செல்கிறது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1990-களின் நடுவில் எஸ்எஸ்எல் என்ற பெயரில் தொடங்கியதை 1999-இல் டிஎல்எஸ் எனப் பெயர்மாற்றி வரையறுத்தார்கள். இன்று பரவலாக உள்ள 1.3 பதிப்பு 2018-இல் வந்தது. டிஎல்எஸ் மூன்று பொறுப்புகளை ஏற்கிறது. இடையில் யாரும் படிக்க முடியாது. இடையில் யாரும் மாற்றினால் தெரிந்துவிடும். மறுமுனையில் இருப்பது முகவரிப் பட்டையில் எழுதியுள்ள பெயருக்கு உரிய சர்வர்தான் என்பதற்கு ஒரு சான்றிதழ் உண்டு.

மூன்றாவதை மீண்டும் ஒருமுறை படியுங்கள். பெயருக்கு உரியவர் என்றுதான் சான்றிதழ் சொல்கிறது; அந்தப் பெயரை வைத்திருப்பவர் நாணயமானவர் என்று சொல்வதில்லை. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி எவரும் ஒரு தளப்பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பெயர் அவருடையதே ஆகையால் அதற்கான சான்றிதழும் அவருக்கு முறைப்படி கிடைக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. இணையத்தின் பெரும்பகுதி இன்று குறியாக்கம், அதாவது இடையிலுள்ளோர் படிக்க முடியாத பாதுகாப்பு, பெற்றிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் அது பெரும் நன்மை. மோசடிக்காரருக்கும் பூட்டு கிடைக்கிறது என்பது அந்த நன்மையோடு சேர்ந்து வந்தது. ஆகவே பூட்டு இல்லாத இடத்தில் கடவுச்சொல்லைக் கொடுக்கவே கூடாது; பூட்டு இருக்கும் இடத்திலும் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்காமல் கொடுக்கக் கூடாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எச்டிடிபிஎஸ் நீங்கள் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பதை மறைக்கும், எந்தத் தளத்துக்குச் சென்றீர்கள் என்பதைப் பொதுவாக மறைப்பதில்லை.

கேள்வி: ஒரு வேலைக்கான விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். 'அனுப்பப்பட்டது' என்று காட்டுகிறது. அலுவலகத்தினர் வரவில்லை என்கிறார்கள். இருவரில் யார் சொல்வது உண்மை?

பதில்: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அதை விளக்க எஸ்எம்டிபி என்ற நெறிமுறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ரே டாம்லின்சன் 1971-இல் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் அனுப்பி, பெயரையும் கணினியையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தார். எஸ்எம்டிபியின் வரையறையை ஜான் போஸ்டல் 1982-இல் வெளியிட்டார். அது இரண்டு சர்வர்களுக்கு இடையே நடக்கும் உரையாடல். அதைப் படித்தால் மனிதர் பேச்சைப் போலவே இருக்கும். அனுப்பும் சர்வர் தன் பெயரைச் சொல்லி வணங்குகிறது. அடுத்து, கடிதம் யாரிடமிருந்து என்று சொல்கிறது; மறுமுனை 250 என்ற எண்ணைத் தந்து ஒப்புகிறது. யாருக்கு என்று சொல்கிறது. அப்படியொருவர் அங்கு இருந்தால் மறுபடியும் 250, இல்லாவிட்டால் பெரும்பாலும் 550. பிறகு கடிதத்தைத் தரப்போகிறேன் என்று அறிவிக்கிறது. 354 என்றால் தரலாம். கடிதம் வரிவரியாகச் செல்கிறது. தனி வரியில் ஒற்றைப் புள்ளி வைத்தால் கடிதம் முடிந்தது என்று பொருள். அந்தப் புள்ளிக்கு மறுமுனை தரும் 250 மிக முக்கியமானது. 'இந்தக் கடிதத்துக்கு இனி நான் பொறுப்பு. சேர்ப்பேன், சேர்க்க முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிப்பேன்' என்று அதற்குப் பொருள்.

உங்கள் செயலி 'அனுப்பப்பட்டது' என்று காட்டியபோது நடந்தது இந்த உரையாடலின் முதல் தடவை மட்டுமே. அதாவது, உங்கள் கணினி உங்கள் மின்னஞ்சல் சேவையின் சர்வரிடம் கடிதத்தை ஒப்படைத்துவிட்டது. அதன்பின் அந்தச் சர்வர், அலுவலகத்தின் தளப்பெயருக்கு வரும் அஞ்சலை ஏற்கும் சர்வர் எது என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. இதற்கென எம்எக்ஸ் என்ற தனிப் பதிவு உண்டு. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் இருந்தால் சிறிய எண் கொண்டதை முதலில் நாட வேண்டும். பிறகு அந்தச் சர்வருடன் இதே உரையாடல் மீண்டும் நடக்கிறது.

இங்கே மூன்று விதமாகக் கடிதம் நிற்கலாம். மறுமுனை 4 என்று தொடங்கும் எண்ணைத் தந்தால் 'இப்போது முடியாது, பிறகு வா' என்று பொருள். அனுப்பும் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். குறைந்தது 4 அல்லது 5 நாளாவது முயல வேண்டும் என்பது நெறிமுறையின் பரிந்துரை. உங்களுக்கு அதுவரை எந்தத் தகவலும் வராமல் இருக்கலாம். 5 என்று தொடங்கும் எண் வந்தால் மறுப்பு உறுதியானது. அப்போது கடிதம் சேரவில்லை என்ற அறிவிப்பு உங்கள் பெட்டிக்குத் திரும்பி வரும். அந்த அறிவிப்பைப் பலர் குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள், அதற்குள் இருக்கும் எண்ணும் ஒரு வரி விளக்கமும்தான் காரணத்தைச் சொல்கின்றன.

மூன்றாவது நிலைதான் உங்களுக்கு நேர்ந்திருக்கும் என்று எண்ணுகிறேன். மறுமுனைச் சர்வர் 250 சொல்லிக் கடிதத்தை ஏற்றுக்கொண்டபின், அங்குள்ள வடிகட்டி அதை வேண்டாத அஞ்சல் என்று முடிவு செய்து ஒதுக்கிவிடுகிறது. நெறிமுறையின் கண்ணில் கடிதம் சேர்ந்துவிட்டது. மனிதரின் கண்ணில் படவில்லை. 'படித்தேன்' என்பதற்கு எஸ்எம்டிபியில் சொல்லே கிடையாது. படித்ததற்கான ஒப்புதல் கேட்கும் வசதி சில செயலிகளில் இருக்கிறது, ஆனால் அனுப்புவதும் மறுப்பதும் பெறுபவரின் விருப்பம். எனவே அலுவலகத்தினரிடம் வேண்டாத அஞ்சல் (ஸ்பேம்) கோப்புறையைப் பார்க்கும்படி கேளுங்கள். அவர்களிடமும் இல்லையென்றால், உங்கள் சேவை வழங்குநரிடம் அந்தக் கடிதத்தின் முழுத் தலைப்பிலுள்ள செய்தி அடையாள எண்ணைக் (Message-ID) கொடுத்து, மறுமுனைச் சர்வர் எந்த நேரத்தில் என்ன எண்ணைத் தந்தது என்று பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவு நீங்கள் குறித்த நாளுக்குள் அனுப்பியதற்கு உறுதியான சான்று.

கேள்வி: என் முகவரியிலிருந்தே எனக்கு மிரட்டல் கடிதம் வந்திருக்கிறது. என் கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்று அஞ்சுகிறேன்.

பதில்: கைப்பற்றியிருக்கத் தேவையில்லை. எஸ்எம்டிபி எழுதப்பட்டபோது வலையமைப்பில் இருந்தவை சில நூறு கணினிகள். அவற்றை இயக்கியவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவே 'யாரிடமிருந்து' என்ற இடத்தில் எழுதுவது உண்மைதானா என்று சரிபார்க்கும் வழியை அதில் வைக்கவில்லை. உறையின்மேல் அனுப்புநர் பெயரை எவரும் எழுதலாம். உள்ளேயிருக்கும் கடிதத்தில் வேறொரு பெயரையும் எழுதலாம். உங்கள் செயலி காட்டுவது உள்ளே எழுதிய பெயரைத்தான்.

பின்னாளில் மூன்று காவல்கள் சேர்க்கப்பட்டன. எஸ்பிஎஃப் என்பது, இந்தத் தளப்பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமை பெற்ற சர்வர்கள் எவை என்று டிஎன்எஸ்ஸில் வெளியிடும் பட்டியல். டிகிம் என்பது கடிதத்தில் இடப்படும் மின்கையொப்பம். அதைச் சரிபார்க்கும் திறவுகோலும் டிஎன்எஸ்ஸில்தான் இருக்கும். டிமார்க் இவை இரண்டையும் உங்கள் கண்ணுக்குத் தெரியும் முகவரியோடு ஒப்பிட்டு, பொருந்தாத கடிதத்தை ஒதுக்க வேண்டுமா, மறுக்க வேண்டுமா என்ற தளப்பெயர் உரிமையாளரின் விருப்பத்தை அறிவிக்கிறது. கடிதத்தின் முழுத் தலைப்பைத் திறந்து பார்த்தால் சரிபார்ப்பின் முடிவுகள் எழுதப்பட்டிருக்கும். அங்கே 'தோல்வி' என்று இருந்தால் உங்கள் பெயரை யாரோ உறையில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே. மாறாக, அனுப்பிய கடிதங்களின் பட்டியலில் நீங்கள் எழுதாத கடிதம் இருந்தால், உடனே கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

கேள்வி: கைபேசியில் ஒரு கடிதத்தை அழித்தேன், கணினியிலும் காணாமற்போனது. முன்பு என்னிடம் இருந்த செயலியில் அப்படி நிகழ்ந்ததில்லை. பாப் 3, ஐமேப் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: எஸ்எம்டிபி கடிதத்தைச் சேர்க்கும் நெறிமுறை. சேர்ந்த கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்குத்தான் இவை இரண்டும். கடிதங்களின் மூலப் படி எங்கே இருக்கிறது என்பதில் இவை வேறுபடுகின்றன.

பாப் 3, கணினி எப்போதாவது தொலைபேசிக் கம்பி வழியாக இணைந்த காலத்துக்கு ஏற்றது. இணைந்தவுடன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல், எத்தனை கடிதம் என்று கேள், ஒவ்வொன்றாக இறக்கு, சர்வரில் அழிக்கச் சொல், விடைபெறு. அழிக்கச் சொன்னவை விடைபெறும் நேரத்தில்தான் உண்மையில் அழியும். நடுவில் இணைப்பு அறுந்தால் எதுவும் அழியாது. இந்தச் சிறு கவனம் எத்தனையோ கடிதங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இறக்கிய பின் மூலப் படி உங்கள் கணினியில் இருக்கிறது, சர்வருக்கு அதைப் பற்றிய நினைவே இல்லை.

ஐமேப் நெறிமுறையை மார்க் கிரிஸ்பின் 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். அதில் மூலப் படி எப்போதும் சர்வரிலேயே இருக்கிறது. கைபேசியும் கணினியும் காட்டுவது அதன் நிழலைத்தான். படித்தது, மறுமொழி அளித்தது, அழித்தது என்ற குறிகளும், நீங்கள் உருவாக்கிய கோப்புறைகளும் சர்வரிலேயே பதிகின்றன. அதனால் ஓரிடத்தில் படித்தால் எல்லா இடத்திலும் படித்ததாகிறது, ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிகிறது. பெரிய கடிதத்தின் தலைப்பை மட்டும் கேட்டுப் பெறவும், சர்வரிலேயே தேடச் சொல்லவும் முடியும். புதுக் கடிதம் வந்ததும் சர்வரே சொல்லும் ஐடில் என்ற வசதி 1997-இல் சேர்க்கப்பட்டது.

ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை வைத்திருப்பவர் ஐமேப்பையே தேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பாப் 3 பயன்படுத்திய நாள்களில், என் வன்தட்டு பழுதானபோது, ஆறாண்டுக் கடிதங்கள் என்னைவிட்டுப் போயின. சர்வரில் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. ஐமேப்புக்கு மாறியபின் அந்த இடர் நீங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன். உண்மையில் இடம்தான் மாறியிருக்கிறது. கணக்கு முடக்கப்பட்டாலோ, தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தாலோ, அத்தனை கருவிகளிலும் ஒரே நேரத்தில் இழப்பு நேரும். பல கருவிகளில் தெரிவது காப்புப் படி ஆகாது. ஆண்டுக்கொருமுறையாவது கடிதங்களை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயலி 25, 465, 587, 993, 995 என்ற எண்களைக் கேட்கிறது. எதை எங்கே கொடுப்பது?

பதில்: ஒரே கணினியில் பல சேவைகள் இயங்கும்போது வரும் பொட்டலம் எதற்கு உரியது என்று காட்டும் எண் போர்ட். அது 65,535 வரை செல்லும். எடுக்கும் பக்கத்தில் ஐமேப்புக்கு 993, பாப் 3-க்கு 995. இரண்டும் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் உறைக்குள் நடப்பவை. பழைய 143-உம் 110-உம் திறந்த பேச்சாகத் தொடங்குபவை என்பதால் தவிருங்கள். அனுப்பும் பக்கத்தில் 465 அல்லது 587. முன்னது முதலிலிருந்தே குறியாக்கத்துடன் தொடங்குகிறது. பின்னது திறந்த பேச்சாகத் தொடங்கி, பிறகு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற கட்டளையால் குறியாக்கத்துக்கு மாறுகிறது. இரண்டும் இருந்தால் 465-ஐத் தேருங்கள். 2018-இல் வெளியான பரிந்துரையும் அதுவே. 25 சர்வருக்கும் சர்வருக்கும் உரியது. வேண்டாத அஞ்சலைத் தடுப்பதற்காகச் சேவை வழங்குநர்கள் பலர் வீட்டு இணைப்புகளில் அதை அடைத்திருப்பதால், அங்கே முயன்று பயனில்லை.

கேள்வி: நண்பருக்குத் தமிழில் எழுதிய கடிதம் புரியாத குறிகளாகப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு முறை, 25 எம்பி வரை அனுப்பலாம் என்ற கணக்கில் 20 எம்பி கோப்பை இணைத்தால் மிகப் பெரிது என்று மறுக்கிறது.

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றே. எஸ்எம்டிபி ஆங்கில எழுத்துகளை மட்டும், ஒவ்வொன்றையும் 7 பிட்டுகளில், எடுத்துச்செல்ல வகுக்கப்பட்டது. பிற மொழிகளையும் படங்களையும் அனுப்ப வழிசெய்தது 1992-இல் நெதேனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம். அது கடிதத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் முன் 'இது எந்த வகை, எந்த எழுத்துக் குறிமுறை' என்று அறிவிக்கும் வரியைச் சேர்க்கிறது.

ஒருங்குறித் (யூனிகோடு) தமிழ், யுடிஎஃப்-8 குறிமுறையில், எழுத்துக்கும் குறிக்கும் 3 பைட்டுகள் வீதம் எடுத்துக்கொள்கிறது. அந்த அறிவிப்பு வரி விடுபட்டாலோ தவறாக இருந்தாலோ, பெறும் செயலி அந்தப் பைட்டுகளை இலத்தீன் எழுத்துகளாகப் படித்துவிடும். மேலே சிறு கோடிட்ட இலத்தீன் 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறிமாறி வந்தால், அது கெட்ட கடிதம் அன்று, தவறாகப் படிக்கப்பட்ட தமிழ்க் கடிதம். உங்கள் நண்பரின் செயலியில் குறிமுறையை யுடிஎஃப்-8 என்று மாற்றினால் தமிழ் தெளிந்துவிடும்.

இணைப்புக் கோப்பை மைம், பேஸ்64 என்ற முறையில், 3 பைட்டுகளை 4 எழுத்துகளாக மாற்றி எழுதுகிறது. எனவே 20 எம்பி, வழியில் ஏறத்தாழ 27 எம்பி ஆகிறது. வரம்பு அதற்கே பொருந்துகிறது. 18 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஃப்டிபி முகவரிகளை உலாவி திறக்க மறுக்கிறதே?

பதில்: எஃப்டிபி கோப்புகளை மாற்றிக்கொள்ளும் நெறிமுறை. இணையத்தைவிட மூத்தது; அபய் பூஷண் 1971 ஏப்ரலில் அதன் முதல் வரையறையை எழுதினார். கடவுச்சொல்லையும் கோப்பையும் திறந்த எழுத்தில் அனுப்புவதால், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் அதைக் கைவிட்டன. அதன் இடத்தில் எஸ்எஃப்டிபியைப் பயன்படுத்துங்கள். பெயர் ஒத்திருந்தாலும் அது எஸ்எஸ்எச் என்ற நெறிமுறைக்குள் இயங்கும் வேறொன்று. கடவுச்சொற்களை வலையமைப்பில் ஒட்டுக்கேட்டுத் திருடிய ஒரு தாக்குதலுக்குப் பின், 1995-இல், ஃபின்லாந்தின் தாட்டு யூலோனன் எஸ்எஸ்எச்சை உருவாக்கினார்.

கேள்வி: பழைய கணினியைப் பல மாதங்களுக்குப் பின் இயக்கினேன். எந்தத் தளத்துக்குச் சென்றாலும் 'இணைப்பு பாதுகாப்பானதன்று' என்கிறது. எல்லாத் தளங்களும் ஒரே நாளில் கெட்டிருக்குமா?

பதில்: கெட்டிருப்பது உங்கள் கணினியின் கடிகாரம். மேலே சொன்ன சான்றிதழ் ஒவ்வொன்றிலும் எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்தால், கணினி பல ஆண்டுகள் பின்னுள்ள ஒரு தேதிக்குத் திரும்பிவிடும். அப்போது எந்தச் சான்றிதழும் அதன் பார்வையில் இன்னும் தொடங்கவில்லை.

நேரத்தைச் சரிசெய்யும் நெறிமுறை என்டிபி. டேவிட் மில்ஸ் 1985-இல் அதை வெளியிட்டார். சர்வரிடம் நேரத்தைக் கேட்பதோடு அது நிற்பதில்லை. கேள்வி புறப்பட்டதும் மறுமொழி வந்ததும் எந்தெந்தக் கணத்தில் என்று குறித்து, வழியில் கழிந்த நேரத்தையும் கணக்கிட்டுக் கழிக்கிறது. வழக்கமாக அது யுடிபியில், 123 என்ற போர்ட்டில், சான்றிதழ் எதையும் கேட்காமல் நடப்பதால், தேதி தவறியிருக்கும்போதும் வேலை செய்யும். அமைப்புகளில் நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் விருப்பத்தை இயக்கிவிட்டு, உலாவியை மூடித் திறங்கள். தேதி பல ஆண்டுகள் பின்தங்கியிருந்து அது தானாகத் திருந்தாவிட்டால், முதலில் தேதியைக் கையால் மாற்றுங்கள். கணினியை அணைத்து எழுப்பும்போது தேதி மீண்டும் பின்னுக்குப் போனால் மின்கலத்தை மாற்ற வேண்டியதுதான். அதுவரை, எச்சரிக்கையைப் புறக்கணித்துத் தொடர்வதற்கான பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம்.